குற்றமின்றி எழுந்த பழி: 'கட்' என்னும் கொரியக் குறும்படம் பற்றி

பழி என்னும் சொல் தமிழில் இருபொருள் தாங்கி வழங்குவது. ஒருவன்மேல் ஏற்றப்படும் குற்றமும் பழி. அக்குற்றத்திற்கு ஈடாக அவனிடமிருந்து கொள்ளப்படும் துன்பமும் பழி. பழிகூறுதல் என்புழி முன்னைய பொருளும், பழிவாங்குதல் என்புழிப் பின்னைய பொருளும் விளங்கித் தோன்றும். முன்னது இன்றேல் பின்னது இல்லை என்னும் முறைமை அச்சொல்லின் உள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. உலகத்துப் பழிக்கதைகளுட் பெரும்பாலான இம்முறைமையின் வழிப்பட்டனவே. முதலில் ஒரு கொடுமை நிகழும். பின்னர் அதற்கு ஈடு கேட்கப்படும். ஈடு அளவிற்கு மிஞ்சிற்றா, உரியவனிடம் கேட்கப்பட்டதா என்பனவே புலவரை எதிர்நோக்கும் வினாக்கள். கொரிய நாட்டுத் திரைப்பட இயக்குநர் பார்க் சான்-உக் 2004ஆம் ஆண்டில் ஆக்கிய 'கட்' என்னும் குறும்படமோ இவற்றின் வேறுபட்டதொரு வினாவை எழுப்புகின்றது. குற்றம் எதுவும் செய்யாதவனிடம், அவன் குற்றம் செய்யாமையையே குற்றமாகக் கொண்டு, ஒருவன் பழிவாங்கப் புகுந்தால் அது யாதாகும் என்பதே அவ்வினா.

திரைப்படம் ஒன்றனை இத்தகைய இதழில் ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் இருக்கக்கூடும். மெய்ப்பாடு பற்றி நம் முன்னோர் வகுத்த இலக்கணம் கண்ணாலும் செவியாலும் உணர்வதனை அடிப்படையாகக் கொண்டது. ஏட்டுச் செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. ஆதலின் இவ்வையத்தின்கண் நெடிது நிற்க வேண்டுவதில்லை.

'கட்' தனித்து வெளிவந்த படமன்று. மூன்று நாட்டு இயக்குநர் மூவர் ஆளுக்கொரு குறும்படம் ஆக்கி ஒருங்கு வெளியிட்ட 'த்ரீ எக்ஸ்ட்ரீம்ஸ்' என்னும் தொகுப்பின் ஒரு பகுதி அது. ஹாங்காங்கைச் சார்ந்த ஃப்ரூட் சான் ஆக்கிய 'டம்ப்ளிங்ஸ்', ஜப்பானியராகிய தகாஷி மீகே ஆக்கிய 'பாக்ஸ்' என்பன ஏனைய இரண்டு. இதற்கு முன்னரே 2002இல் இதே அமைப்பில் மூன்று அச்சக்கதைகள் ஒரு தொகுப்பாய் வந்தன. அதனுட் கொரியப் பகுதியை ஆக்கியவர் கிம் ஜீ-ஊன். இத்தகைய தொகுப்புகளில் ஒவ்வோர் இயக்குநரும் தம் பெரும்படங்களில் முயல அஞ்சுவதனைச் சிறுவடிவில் முயன்று பார்ப்பர். முக்கால் மணி நேர அளவிற்றாகிய 'கட்' அத்தகைய முயற்சி.

கதை சுருங்கியது. லீ பியுங்-ஹுன் ஏற்று நடித்த ரியூ ஜி-ஹோ புகழ்பெற்ற இயக்குநன், செல்வன், அழகன், இவற்றிற்கெல்லாம் மேலாக நல்லவன் எனப் பெயர் பெற்றவன். ஓரிரவு படப்பிடிப்பு முடித்து இல்லம் மீள்பவனை ஒருவன் தாக்கி வீழ்த்துகின்றான். உணர்வு மீண்டு கண் விழித்தபொழுது அவன் இருப்பது தன் இல்லமும் அன்று, வேற்றிடமும் அன்று. தன் இல்லத்தைப் போலவே அமைத்த படப்பிடிப்பு அரங்கு. இடையில் கட்டிய நாடா ஒன்று அவனை ஓரெல்லைக்கு அப்பாற் செல்லவொட்டாது தடுக்கின்றது. பியானோ இசைப்பதில் வல்லவளாகிய அவன் மனைவி, அக்கருவியின் முன் கம்பிகளாற் பிணிக்கப்பட்டு, விரல்கள் கட்டைகளோடு பசையால் ஒட்டப்பட்ட நிலையில் இருக்கின்றாள். அவளாக நடித்தவர் காங் ஹே-ஜுங். மற்றொரு பக்கம் சிறுமி ஒருத்தி கட்டுண்டு கிடக்கின்றாள். வந்தவன், ரியூவின் ஐந்து படங்களில் சிறுவேடம் தாங்கி நடித்த துணைநடிகன். இம் வொன்-ஹி ஏற்ற பாத்திரம். ரியூ அச்சிறுமியின் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும். கொல்லாதவிடத்து ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக மனைவியின் விரல்கள் வெட்டப்படும். இதுவே அவன் விதிக்கும் கட்டளை.

அவன் கூறும் காரணமே படத்தின் உயிர்நாடி. ரியூ தனக்குத் தீங்கு செய்தான் என அவன் ஓரிடத்தும் கூறுகின்றானல்லன். செல்வனாகிய நீ நல்லவனாகவும் இருப்பது முறையா என்பதே அவன் முறையீடு. வறியவன் குடிக்கின்றான், மனைவியை அடிக்கின்றான், மகனை அடிக்கின்றான். அவனுக்கு இம்மையிலும் இன்பமில்லை, மறுமையிலும் இடமில்லை. செல்வனோ இம்மை இன்பங்களெல்லாம் துய்த்தபின் நற்பெயரோடு மறுமையும் எய்துகின்றான். செல்வர் தீயர், வறியர் நல்லர் என்பது வறியவன் தன்னைத் தேற்றிக்கொள்ள எஞ்சியிருந்த ஒரே துணை. அத்துணையையும் ரியூவின் நற்குணம் பறித்துக்கொண்டது. ஆகவே அவன் ஒரு தீச்செயலேனும் செய்து தன்னோடு ஒத்தவனாதல் வேண்டும். பொருளைப் பகிர்ந்து தா என்று கேளாது தீமையைப் பகிர்ந்துகொள் என்று கேட்கும் இம்முறையீடு, யாம் அறிந்த பழிக்கதைகளில் வேறெங்கும் இத்துணைத் தெளிவாக வைக்கப்பட்டதில்லை.

இஃது அழுக்காறேயன்றிப் பழியன்று என ஒருவர் மறுத்துரைத்தல் கூடும். அழுக்காறு பிறனுடையதைக் கண்டு பொறாமை; அது பெற்றவனிடத்துள்ள பொருள் அழிதலைக் கண்டு அமையும். இத்துணைநடிகனோ அழித்தலோடு அமைகின்றானல்லன். அவன் தன்னை வழக்காடுவோனாகவும், ரியூவை வழக்கிற்கு விடை கூறவேண்டியவனாகவும் நிறுத்துகின்றான், காலக்கெடு வைக்கின்றான், தண்டம் விதிக்கின்றான். பழிவாங்குவோன் கைக்கொள்ளும் நடைமுறை முழுவதையும் அவன் கைக்கொள்கின்றான். குற்றம் ஒன்று மட்டுமே ஆண்டு இல்லை. இவ்வின்மையே கொடுமையை எல்லையற்றதாக்குகின்றது. செய்த குற்றத்திற்கு வருந்தலாம், ஈடு தரலாம், மன்னிப்பு இரக்கலாம். நல்லவனாயிருந்தமைக்கு எங்ஙனம் வருந்துவது?

ரியூ அதற்கும் முயல்கின்றான் என்பது படத்தின் நுட்பங்களுள் ஒன்று. தான் நல்லவன் அல்லன் எனக் காட்டுதற்காகத் தன் குற்றங்களைத் தானே தேடி எடுத்துச் சொல்லத் தொடங்குகின்றான். மனைவிக்கு இழைத்த வஞ்சனை வெளிப்படுகின்றது. அவள்மேல் உள்ளத்தில் உறைந்திருந்த கசப்பும் உடன் வெளிப்படுகின்றது. உயிர்காக்கக் கூறிய பொய்யோ, நற்பெயரின்கீழ் மறைந்திருந்த மெய்யோ என நாம் தெளிய இயலாதவாறு அச்சொற்கள் வந்து வீழ்கின்றன. மனைவியைக் காத்தற்பொருட்டு அவள் கேட்க அவளை இழிக்கின்றான். அவள் விரல்களோ அதனால் மீள்கின்றில.

இவ்விடத்துத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் ஒன்றனை எண்ணிப் பார்க்கத் தகும். வெகுளி என்னும் மெய்ப்பாடு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கு நிலைக்களத்தினின்று பிறக்கும் என்பது அவர் கொள்கை. உறுப்பறை கை முதலியவற்றைக் குறைத்தல் என்றும், குடிகோள் மனைவி சுற்றம் முதலியோர்க்குக் கேடு சூழ்தல் என்றும், அலை கோல்கொண்டு வருத்துதல் என்றும் பேராசிரியர் விளக்குவர். கொலை என்பதற்கோ அறிவும் புகழும் முதலியவற்றைக் கொன்றுரைத்தல் எனப் பொருள் காண்பர். கொலைக்கு அவர் கண்ட இப்பொருளை வலிந்து கொண்டதெனக் கருதுவாரும் உளர். ஆயின் இப்படத்தை நோக்குவார்க்கு அவ்வுரையின் கூர்மை புலனாகும். துணைநடிகன்பால் இந்நான்கனுள் ஒன்றையும் ரியூ செய்தானல்லன். மறுதலையாக, துணைநடிகனே இந்நான்கனையும் ரியூவின் இல்லத்தில் ஒருங்கே நிகழ்த்துகின்றான். விரல் வெட்டுதல் உறுப்பறை, மனையாளைப் பிணித்தது குடிகோள், அலைத்தல் வெளிப்படை, நல்லவன் என்னும் புகழைக் கொல்வதே அவன் வந்த நோக்கம். வெகுளி கொள்வதற்குரிய காரணம் ஒன்றும் தன்னிடத்து இல்லாதவன், அக்காரணங்களையெல்லாம் பிறன்மேற் செலுத்தி அவனை வெகுளச் செய்கின்றான் என்பதே இப்படத்தின் அமைப்பு.

இதனை ஏற்றுக்கொண்டால், பலரும் குழப்பமானதெனக் குறைகூறும் முடிவும் ஒருவாறு விளங்கும். நான்கு நிலைக்களனும் ஒருவன்மேல் வந்து கூடியபின் வெகுளி பிறந்தே தீரும். பிறந்த வெகுளி உரியவனை அடையாதவாறு இடைநாடா தடுக்கின்றது. ஆகவே அது கைக்கு எட்டியவர்மேற் பாய்கின்றது: முதலில் சொல்லளவில் மனைவிமேல், பின்னர்ச் செயலளவில் சிறுமிமேல். அச்சிறுமியோ சிறுமியல்லள், பெண்வேடம் இட்ட சிறுவன், துணைநடிகனின் சொந்த மகன். இறுதியில் மனம் பேதுற்ற ரியூவின் கைகள் மனைவியின் கழுத்தையே நெரிக்கின்றன. துணைநடிகன் இறந்துபடுகின்றான், ஆயின் அவன் விரும்பியது நிறைவேறிவிடுகின்றது. தன் மனைவியைக் கொன்றுவிட்டு வந்தவன் அவன். இப்பொழுது ரியூவும் அவனோடு ஒத்தவனாயினான்.

அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கனை அச்சத்தின் நிலைக்களனாகத் தொல்காப்பியர் கூறுவர். படம் அணங்கில் தொடங்குகின்றது: குருதியுறிஞ்சும் பேய்மகள் ஒருத்தி ஒருவன் கழுத்திற் பல் பதிக்கின்றாள். பார்ப்போர் அஞ்சத் தொடங்கும்போதே, அஃது அரங்கிற் பிடிக்கப்படும் படக்காட்சி எனக் காட்டி அவ்வச்சம் கலைக்கப்படுகின்றது. பின்னர் வருவது கள்வர் அச்சம். இரவில் இல்லம் புகுந்தவனை அஞ்சுகின்றோம். அதுவும் நெடிது நில்லாது, ஏவியவனும் ஏவப்பட்டவனும் இடம் மாறியமையால் விளைந்த அச்சமாக மாறுகின்றது. அரங்கில் 'கட்' என்று கூறி நடிப்பை நிறுத்தும் உரிமை இயக்குநனுக்கே உரியது. இங்கு அவ்வுரிமை துணைநடிகனிடம் உள்ளது. அவன் கையில் அச்சொல் வெட்டுதல் என்னும் தன் முதற்பொருளுக்கே மீண்டுவிடுகின்றது. ஒரு சொல்லின் இருபொருளை வைத்தே ஒரு படத்தைக் கட்டியமை பாராட்டத்தக்கது.

இனி, இப்படம் தன் நாட்டு மரபினின்று எத்துணை விலகியது என்பதனை நோக்குவோம். கொரியர் தம் உளப்பாங்கை விளக்க 'ஹன்' என்னும் சொல்லை ஆள்வர். தீர்க்கப்படாத துயரும் ஆற்றாமையும் மனக்குறையும் ஒருங்கு திரண்டு உறைந்த நிலை அது. அந்நிலையோடு இறந்தவர் ஆவியாய் மீள்வர் என்பது அவர்தம் அச்சக்கதைகளின் பொதுமரபு. மிர்யாங் என்னும் ஊரின் ஆராங் கதை அதற்குத் தக்க சான்று. ஊராட்சித் தலைவனின் மகளாகிய ஆராங் கற்பழிக்க முயன்றவனால் கொல்லப்படுகின்றாள். புதிதாய் வரும் ஒவ்வொரு தலைவன் முன்னும் அவள் ஆவி தோன்ற, அவர்கள் அச்சத்தாலேயே மாய்கின்றனர். அஞ்சாத ஒருவன் வந்து அவள் முறையீட்டைக் கேட்கின்றான். வண்ணத்துப்பூச்சி வடிவில் அவள் கொலைஞனைக் காட்டிக்கொடுக்க, முறை செய்யப்படுகின்றது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் நீரில் மாண்ட உடன்பிறந்தாளிருவரைப் பற்றிய 'ஜாங்ஹ்வா ஹோங்ரியோன்' கதையும் இவ்வமைப்பினதே. 1924 முதற்கொண்டு அது பலமுறை படமாக்கப்பட்டது. 2003இல் கிம் ஜீ-ஊன் அதனைத் தம் காலத்திற்கேற்ப மாற்றி ஆக்கினார்.

இக்கதைகளில் நாம் கருத வேண்டுவது ஒன்று. ஆவி தானே பழிவாங்குவதில்லை, முறை வேண்டுகின்றது. அதன் முன் அஞ்சி மாய்பவர் கேட்க மறுத்த ஆட்சியாளர். கேட்கத் துணிந்தவன் ஒருவன் வந்தவுடன் அச்சம் நீங்கிவிடுகின்றது. அச்சக்கதையின் உள்ளே வழக்குமன்றம் ஒன்று அமைந்திருக்கின்றது எனலாம். 'கட்' படத்திலும் முறையீடு உண்டு, கேட்பவனும் உளன், ரியூ முழுவதும் கேட்கின்றான். கேட்டும் பயனில்லை. அம்முறையீட்டிற்குத் தீர்ப்பு வழங்கவல்ல மன்றம் எதுவும் இல்லை; ஏனெனில் அது ஒருவன் செயலைப் பற்றியதன்று; உலகில் பொருளும் அறமும் பங்கிடப்பட்டிருக்கும் முறையைப் பற்றியது. பழைய மரபின் வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் தீர்வை மட்டும் நீக்கிவிட்டமையே பார்க் சான்-உக் செய்த புதுமை.

கொரியத் திரைப்படத்திற்குள்ளேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கிம் கி-யங் 1960இல் ஆக்கிய 'பணிப்பெண்' என்னும் படத்தில், இசை கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் புதிதாய்க் கட்டிய மாடியில்லத்தில் பணிப்பெண்ணாகப் புகுந்தவள் அக்குடும்பத்தையே அழிக்கின்றாள். அங்கும் பியானோ உண்டு. அது குடும்பம் எய்திய புதுவாழ்வின் அடையாளம். அங்கும் நிகழ்ந்தவை கதையெனக் காட்டும் இறுதிக்காட்சியில், கணவன் நம்மை நேர்நோக்கிச் சிரித்துப் பேசுகின்றான். வேறுபாடும் உண்டு. பணிப்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட தீங்கு கண்கூடானது. அவள் பழி காரணமுடையது. நாற்பத்துநான்கு ஆண்டு கழிந்தபின், அதே இல்லத்தில் அதே கருவியின் முன் நிற்பவனுக்குக் காட்டத்தக்க காயம் ஒன்றும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் கொரிய நாடு செல்வத்தில் வளர்ந்தது, 1997இன் இறுதியில் பெரும் பொருள் நெருக்கடியுற்றுப் பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனை நாடியது, பணியிழந்தோர் மிக்கனர். தனக்குத் தீங்கு செய்தவன் இன்னான் எனச் சுட்ட இயலாத இழப்பு அது. அவ்விழப்பின் குரல் துணைநடிகனிடத்துக் கேட்கின்றது என்பது எம் துணிபு. 2019இல் போங் ஜூன்-ஹோ ஆக்கிய 'பாரசைட்' படத்தில், செல்வர் நல்லவராயிருப்பது செல்வத்தால்தான் என்னும் கருத்து வறிய தாய் ஒருத்தியின் வாயில் எள்ளலாக வெளிப்படுகின்றது. உலகம் அதனைக் கேட்டு வியந்தது. பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே அக்கருத்து ஒரு குறும்படத்தின் முழுப்பொருளாய் அமைந்துவிட்டமையை அறிந்தோர் சிலரே.

பார்க் சான்-உக்கின் பழிப்படங்கள் எனச் சுட்டப்பெறுவன மூன்று: 2002, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தவை. அவற்றுள் நடுவணதாகிய 'ஓல்டுபாய்' 2004ஆம் ஆண்டுக் கான் விழாவில் பெரும்பரிசு பெற்றது. காங் ஹே-ஜுங் அதனுள்ளும் நடித்துள்ளார். அம்மூன்றனுள்ளும் குற்றம் ஒன்று உண்டு. எத்துணைச் சிறிதாயினும், மறந்ததாயினும், உண்டு. 'ஓல்டுபாய்' கதைத்தலைவன் தான் செய்தது யாதெனத் தேடி அலைகின்றான், இறுதியில் கண்டுகொள்கின்றான். ரியூவுக்குத் தேடிக் கண்டுகொள்ள ஒன்றுமில்லை. அவ்வகையில் மூன்று பெரும்படங்களினும் இக்குறும்படம் கொடிது. சிந்தனையாற் பெரிது என்றும் யாம் கூறத் தயங்கோம்.

குறைகளும் உள. துணைநடிகன் தன் கொள்கையைத் தானே நெடிது விரித்துரைக்கின்றான். செயலாற் பெறப்பட வேண்டியதனைச் சொல்லால் மீட்டும் கூறுவது மிகையே. தான் நடித்த சிறுவேடங்களை அவன் ஆடிக்காட்டும் பகுதியில் நகைச்சுவையும் அச்சமும் விரவி வருவது நன்று. அளவு கடந்தபின் அச்சம் தேய்ந்து வேடிக்கை மிகுகின்றது. நகையும் அச்சமும் ஓரிடத்து நிற்குங்கால் ஒன்று மற்றொன்றனுக்கு அடங்கி நிற்றல் வேண்டும். இறுதிப்பகுதியின் விரைவு வேறு. சிறுவனின் வேடம் கலைதல், துணைநடிகன் மாய்தல், ரியூ பேதுறல் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாய் வீழ்கின்றன.

இவையனைத்தினும் முதன்மையானது மனைவியின் நிலை. செல்வனும் வறியனும் ஆகிய ஆடவர் இருவர் அறத்தைப் பற்றி வழக்காடுகின்றனர். வழக்கிற்குரிய தண்டத்தை அவள் விரல்கள் செலுத்துகின்றன. பெரும்பொழுதும் அவள் பேசுகின்றிலள். ஆராங் முதலாய மகளிர் இறந்தும் பேசினர். அவர்தம் சொல்லைக் கேட்பதற்கென்றே கதைகள் அமைந்தன. இங்கோ உயிருள்ள பெண்ணின் முறையீட்டைக் கேட்பார் இல்லை. துணைநடிகனால் இல்லத்திற் கொல்லப்பட்ட அவன் மனைவியும் அத்தகையளே; அவள் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. இஃது இயக்குநரின் குறைபாடா, அன்றி அவர் காட்ட விரும்பிய குறைபாடா? யாம் பின்னதன்பாலே சார்கின்றோம். அதற்கு ஒரு சான்றும் உண்டு. துணைநடிகன் மாய்வது ரியூவின் கையாலன்று. கம்பிகளிற் சிக்குண்டு, விரலிழந்து, வேறு கருவி யாதும் இல்லாத அப்பெண், தன் பற்களால் அவன் கழுத்தைக் கடித்தே அவனை மாய்க்கின்றாள். படத்தின் தொடக்கத்தில் நடிப்பாகக் கண்ட பேய்மகளின் செயல், முடிவில் மெய்யாக நிகழ்கின்றது. அரங்கும் அதுவே, பியானோவும் அதுவே. காரணமுடைய பழி இப்படத்துள் ஒன்றே ஒன்று உண்டெனின், அஃது அவள் கொண்டதுதான்.